பல் வண்டிக்கு அளவெடுத்தவள்

தெருவில் அவளுக்கு இஞ்ச் அக்கா என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையோடு அலமாரியில் பத்திரமாகத் தூங்குகிறது. இருபத்தெட்டு வருடத் தையல்காரி. அளவு நாடா கழுத்தை விட்டு இறங்காது. தர்பூசணி வாங்கினாலும் இடுப்பளவு எடுப்பாள் என்று தெருவில் சொல்வார்கள். அது பொய். ஒரே ஒரு தடவைதான் எடுத்தாள்.

அவள் புருஷனை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். போகிற இடத்திலிருந்தெல்லாம் போன் பண்ணுவார்.

"ஏய், இங்க ஒரு ஏரி. பூரா நாரை. நீ பாக்கணும்."

வாய் நிறையக் குண்டூசியை வைத்துக்கொண்டு அவள் "ம்" என்பாள். போனை வைத்ததும் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்வாள்: ஏரி, நாரை. இப்படி நாற்பத்தோரு இடம் சேர்ந்தது. ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. அவள் கண்டதெல்லாம் ஊரார் சட்டையின் உள்பக்கம்தான்.

டிரைவரின் முழங்காலில் ஆபரேஷன் ஆனது. இனி கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷர் ஒரு மாதம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த மாதம் அவள் ஒரு பழைய வண்டியை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினாள். முன்பு ஊர் ஊராகப் போய்ப் பல் பிடுங்கிய நடமாடும் ஆஸ்பத்திரி அது. உள்ளே கட்டில் போட்டாள், அடுப்பு வைத்தாள், ஜன்னலுக்குத் திரை தைத்தாள். வெளியே வரைந்திருந்த பெரிய பல்லின் மேல் இரண்டு கோட் பெயிண்ட் அடித்தாள். வெயில் விழுந்தால் அது அப்போதும் பெயிண்டுக்கு உள்ளிருந்து சிரிக்கும். அதனால் அது பல் வண்டி.

பக்கத்து வீட்டு மாமாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. மனு எழுதுவதே அவருக்கு முழுநேர வேலை. காக்கா சத்தத்துக்குக்கூட எழுதியவர். மனு மாமா என்றால் நகராட்சியில் எல்லோருக்கும் தெரியும். தன் தெருப்பக்க ஜன்னலுக்கு வரும் வெளிச்சத்தை மறைக்கிறது என்று வண்டியின் மேலும் ஒரு மனு போட்டார். கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இருபத்தோரு நாளுக்குள் வண்டியைச் சொந்த இடத்தில், கெட்டித் தரையில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டு போய் ஏலம் விட்டுவிடுவார்கள்.

சொந்த இடம் என்றால் வீட்டுக்கும் மனு மாமாவின் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு நீளமான துண்டு நிலம். மண்ணோ களிமண். அன்றைக்கே ஏற்றிப் பார்த்தாள். முன்சக்கரம் பாதி புதைந்து, நாலு பேர் தள்ளித்தான் வெளியே வந்தது.

"காங்கிரீட் போட்டா பத்து நாளாச்சும் தண்ணி குடிக்கணும். அப்புறம்தான் வண்டிய ஏத்தணும்," என்றார் டிரைவர். "விட்டுடுடி. நம்மால ஆகற காரியமா அதெல்லாம்."

"அப்ப பதினோரு நாள்ல போட்டாகணும். சும்மா பேசிட்டிருக்காம அந்த மண்வெட்டிய எடு."

மறுநாள் பழைய செய்தித்தாளையெல்லாம் ஒட்டி, வண்டிக்குச் சரியளவில் ஒரு காகித வெட்டு தயார் செய்தாள். வண்டியின் முகத்துக்கு எதிரே நின்று அளந்து, சக்கரம், கதவு எல்லாவற்றையும் குறித்தாள். நிலத்தில் விரித்து, மூலைக்கு ஒரு செங்கல் வைத்தாள்.

"வண்டிக்கு ஜாக்கெட்டா?" என்றார் டிரைவர்.

"உனக்குத் தைச்சுப் போட்டதுல எது சரியா இல்ல, சொல்லு."

டிரைவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். எல்லாமே சரியாகத்தான் இருந்தன.

சுவர்ப்பக்கம் தையலுக்கு விடுவது போல அரையடி. வீட்டுப்பக்கம் கதவைத் திறந்து டிரைவர் ஊன்றுகோலோடு இறங்க மூன்றடி. தையல் பாஷையில் அதற்கு அவள் வைத்த பெயர் பட்டி. எட்டு அங்குலம் தோண்டினாள். ஜல்லி கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து இடித்து உள்ளங்கை கொப்பளித்தது. பலகை அடித்துக் கம்பி வலை விரித்தாள். கொத்தனார் இரண்டு ஆளோடு கலவை போட வந்து, தலையைச் சொறிந்தார்.

"தண்ணி ஓட வாட்டம் வேணுமேக்கா. எவ்ளோ சரிவு?"

"முன்னாடியவிட பின்னாடி ரெண்டரை இஞ்ச் ஒசரம். பலகைய அப்படித்தான் அடிச்சிருக்கேன்."

கொத்தனார் மட்டம் வைத்துப் பார்த்தார். பிறகு கலவையைக் கொட்டச் சொன்னார்.

பதினோராம் நாள் காங்கிரீட் விழுந்தது. அன்றிலிருந்து ஈரச்சாக்குப் போட்டு வேளைக்கு வேளை தண்ணீர் தெளித்தார்கள். பதினெட்டாம் நாள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்து வண்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார்.

"ஏன்டி, வண்டி உள்ள போனா கதவு எந்தப் பக்கம் வரும்?"

அவள் வாசலுக்கு ஓடி வந்தாள். வண்டியின் முகத்தைப் பார்த்து எடுத்த அளவு அது. முகத்தை உள்ளே நீட்டிக்கொண்டு போகிற வண்டி தெருவுக்கு முதுகைத்தான் காட்டும் என்பது தோன்றவே இல்லை. கதவு சுவர்ப்பக்கம் போய்விடும். அங்கே அரையடிதான், பூனை இறங்கலாம். இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்ட சட்டை மாதிரி ஆகிவிட்டது.

அவள் படியில் உட்கார்ந்தாள். நாடாவை விரலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சொன்னாள்:

"தரை சரிதான். வண்டி ரிவர்ஸ்ல போகணும்."

இங்கேதான் சிக்கல். பள்ளிச் சீருடை மூட்டைகளை வேனில் கொண்டுபோய்க் கொடுப்பவள், ஓட்டத் தெரியும். ஆனால் முன்னால்தான் போவாள். ரிவர்ஸ் எடுப்பதைத் தவிர்க்க ஊரையே ஒரு சுற்று சுற்றி வருவாள்.

"என் பழைய ஆளுங்கள்ல ஒருத்தனக் கூப்பிடறேன்," என்றார் டிரைவர்.

"ஏரிக்குப் போனா அங்கயும் கூப்பிடுவியா?"

காலி மைதானத்தில் பெரிய நூல்கண்டுகளை இரண்டு வரிசையாக நிறுத்திப் பழகினாள். முதல் நாள் பன்னிரண்டில் ஏழு நசுங்கின. டிரைவர் பின்னால் நின்று கத்தினார்.

"ஸ்டீரிங்கக் கொஞ்சம் ஒடி. கொஞ்சம். இன்னுங் கொஞ்சம்."

அவள் தலையை வெளியே நீட்டினாள். "கொஞ்சம்னா எத்தனை?"

"கொஞ்சம்னா கொஞ்சந்தான்டி. முப்பது வருசமா எனக்கு அப்படித்தான் சொன்னாங்க."

"எனக்கு இஞ்ச்ல சொல்லு."

இரண்டாம் நாள் மூன்று நசுங்கின.

இருபத்தோராம் நாள் காலை. இழுவை வண்டி பகலில் வரும் என்று நகராட்சியிலிருந்து போன் வந்திருந்தது. அவள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரி செய்தாள். டிரைவர் ஊன்றுகோலோடு பின்னால் போய் நின்றார். வாழ்நாளெல்லாம் கிளீனர் குரலுக்கு ஓட்டியவர், இன்று கிளீனர்.

"வா, வா, வா. நாலு இஞ்ச் ஒடி. நேராக்கு. வா."

பாதி வண்டி உள்ளே வந்துவிட்டது. அவர் நின்றார். சுவர்ப்பக்கம் என்ன இடைவெளி என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சந்தில் மடக்கி நுழைய முழங்கால் விடாது. அவளுக்கும் கண்ணாடியில் சுவர் மட்டும்தான் தெரிந்தது. பிரேக்கை மிதித்து நிறுத்தினாள்.

"ஒம்போது இஞ்ச் இருக்கு. வாம்மா."

சுவருக்கு மேலே மனு மாமாவின் தலை. கையில் மர ஸ்கேல்.

"மாமா, இதுக்கும் மனு எழுதுவீங்களா?" என்றார் டிரைவர்.

"இந்தப் பக்கம் எனக்கு ஜன்னல் இல்லப்பா. ஏழு. ஏழு. ஆறரை, போதும், நேரா வாம்மா."

இஞ்ச் என்றால் அவளுக்குப் புரியும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். ஆறரையிலேயே சுவரோடு ஒட்டிக்கொண்டு வந்து, பின்சக்கரம் அவள் குறித்திருந்த கோட்டைத் தொட்டதும் டிரைவர் நிறுத்தச் சொல்லித் தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"ஹோல்டான்."

இறங்கி வந்து பக்கக் கதவை இழுத்தாள். முழுசாகத் திறந்தது. டிரைவர் அந்த மூன்றடிப் பட்டியில் ஊன்றுகோலை வைத்தார், கெட்டியாக ஒருமுறை தட்டினார், ஏறி உள்ளே உட்கார்ந்தார். இழுவை வண்டிக்காரர் வந்தபோது அளந்துகொள்ளச் சொல்லி அவள் நாடாவைக் கழற்றி நீட்டினாள். அவர் அதைத் தொடாமலே நோட்டீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அவள் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

"அந்த நாரை ஏரி எவ்ளோ தூரம்?"

"கொஞ்ச தூரந்தான்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"சரி, சரி. முந்நூத்திப் பதினாலு கிலோமீட்டர்."