குளிர் அறையிலிருந்து இறக்கிய பத்தொன்பது பெட்டிகள்

2023 ஒக்டோபர் 14, சனிக்கிழமை, காலை 9.40. இரவு மழை, அப்போது சுள்ளென்ற வெயில். கலேவெலவுக்கு அருகே எங்கள் வெங்காய விதைச் சங்கக் கூட்டம். முப்பத்தெட்டுப் பேர் இருந்தோம்.

ஒரு மனு சுற்றி வந்தது. பூக்கும் மரபணுவை மாற்றும் ஆய்வையே நிறுத்த வேண்டும் என்றது. என் மகள் செய்வது அந்த ஆய்வுதான். பெரிய வெங்காயம் எங்கள் சூட்டில் பூக்காது. விதை வேண்டுமானால் தாய் வெங்காயத்தைச் சங்கத்தின் குளிர் அறையில் நாற்பத்திரண்டு நாள் வைத்த பிறகே நட வேண்டும். மரபணுவைத் திருத்தினால் குளிர் இல்லாமலே பூக்க வைக்கலாம் என்று நம்புகிறாள் அவள்.

தலைவர் தாளை என் முன் வைத்தார். என்னிடம் கணக்குப் படித்தவர்.

“போடுங்க சேர். பூவுல கை வைக்கிறது மனுசன் வேலை இல்ல.”

“அப்ப குளிர் அறையில போட்டு, குளிர்காலம் வந்துட்டுனு வெங்காயத்துக்குப் பொய் சொல்றமே, அது யார் வேலை?”

பின்வரிசை சிரித்தது. “சேர் மகளுக்கு வக்காலத்து வாங்குறார்!”

“ஆமா, வாங்குறேன். அவ செய்றது பிழைன்னா காட்டுங்க, முதல் கையெழுத்து என்னோடது. வெறும் பயத்துக்குப் போட மாட்டேன்.”

“அப்ப உங்க பெட்டிகள எடுத்துருங்க” என்றார் தலைவர்.

பத்தொன்பது பெட்டி, 1,140 வெங்காயம், குளிரில் பதினொரு நாள்தான் இருந்திருந்தன. அன்றே லொறியில் ஏற்றினேன்.

மகள் தொலைபேசியில் கெஞ்சினாள். “போட்டுருங்க வாப்பா. அந்தத் தாளால என் வேலை நிக்காது.”

“உனக்காக இல்ல. போன வை.”

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் 130 மட்டுமே அடங்கின. “மீன எங்க வைக்கிறது? உங்க தலையிலயா?” என்றாள் மனைவி. முப்பத்தொரு நாள் கருவாடுதான் தின்றோம்.

எல்லாவற்றையும் நட்டேன். தினமும் காலையில் பூந்தண்டுகளை எண்ணினேன். இரண்டிரண்டு தரம். வீட்டுக் குளிரில் இருந்த 130இல் 96 பூத்தன. மற்ற 1,010இல் ஒன்றுகூட இல்லை.

அடுத்த கூட்டத்துக்கும் போனேன், முன்வரிசையில் உட்கார்ந்தேன். தலைவர் அதே தாளை நீட்டினார். அதில் என் கையெழுத்துக்கான இடம் வெறுமையாகவே இருந்தது. அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

வழக்கமாக ஆறு கிலோ விதை எடுப்பேன். அந்த முறை அரைக் கிலோ. கிலோ 24,000 வீதம், எனக்கு நட்டம் ரூபாய் 132,000.