கல்லுக் கோயிலின் சாவு மணி

உனக்கு வேறு வேலை இல்லையா, பிள்ளை? கல்லுக் கோயிலை விற்றுவிட்டார்கள், மணியைக் கிரேன் வைத்து இறக்கினார்கள் என்று படம் அனுப்பியது போதாதா? "அங்க உங்களுக்கு என்ன நடந்தது, அன்ரி?" என்றும் கேட்க வேண்டுமா? சொல்கிறேன், அழாதே. அழுகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியே என் கை ஓய்ந்துவிட்டது.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த எழுபதுகளில் பென்டில் ஹில்லைத் தாண்டினால் புல்லும் மாடும்தான். நடுவில் அந்த வேதக் கோயில். விக்டோரியா மகாராணி காலத்தில் வந்த வெள்ளைக்காரர் தங்கள் கிராமத்தையே பெயர்த்து வந்து வைத்ததுபோல இருக்கும். ஆட்கள் உட்காரும் மர வாங்குகளில் முன்வாங்கு பழைய பண்ணைக்காரருக்கு, கடைசி வாங்கு எங்களுக்கு. எல்லாவற்றையும் மெழுகு போட்டுத் துடைப்பது என் வேலை. எங்கள் வாங்குக்கு மட்டும் இரண்டு தரம் போடுவேன். வழுக்கி விழுந்தது என் புருசன்தான்.

இப்போதும் மெழுகு வாசம் வந்தால் எனக்கு மணிதான் கேட்கும். யாராவது செத்தால் ஆணுக்கு ஒன்பது அடி, பெண்ணுக்கு ஆறு, பிள்ளைக்கு மூன்று. பிறகு ஒவ்வொரு வயதுக்கும் ஒரு அடி. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இங்கிலீசுப் பேப்பர் எதற்கு? துணி காயப்போட்டபடி எண்ணியே செத்தது யார் என்று சொல்லிவிடுவேன்.

என் மூத்த மகள் மூச்சில்லாமல் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்காரர் முகத்தைக்கூடக் காட்டாமல் கொண்டுபோய் எங்கோ புதைத்துவிட்டார்கள். அப்போது அதுதான் வழக்கம். அவளுக்கு மணியாவது அடிக்க வேண்டும் என்று புருசனைப் போதகரிடம் அனுப்பினேன். திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

"என்னவாம்?"

"ஏலாதாம். ஞானஸ்நானம் இல்லையாம். வயசும் இல்லை, என்னத்தை அடிக்கிறதாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"தாங்க்யூ எண்டனான்."

"நல்ல மனுசன். கதவையும் மெல்லமாச் சாத்திப்போட்டு வந்திருப்பீங்கள்."

"ஓம்" என்றார். பிறகு கதிரையில் இருந்து அழுதார்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போலத் துடைக்கப் போனேன். வாளியை வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். பால் கட்டிய மார்பு இழுக்க இழுக்க வலித்தது. மூன்று அடி. வயதுக்கு ஒன்றும் இல்லை, அத்தோடு விட்டுவிட்டேன்.

இன்றைக்கு அந்த மணியும் இல்லை, எண்ணுகிற காதுகளும் இல்லை, என் புருசனும் இல்லை. அன்றைக்கு மணி கேட்டுக் கோயில் வேலியோரம் வந்து நின்ற பக்கத்து வீட்டுப் பெண்களும் ஒவ்வொருத்தியாகப் போய்விட்டார்கள். வயிற்றில் இருந்த பிள்ளை எங்கே என்று ஒரு கிழமையாக என்னைக் கேட்காதவர்கள், மணிக்கு மட்டும் ஓடி வந்தார்கள். யாருடைய பிள்ளை என்று கேட்டார்கள். தூசி தட்டும்போது கயிற்றில் கை பட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன்.

"மூன்று தரமா?" என்றாள் ஒருத்தி.

சரியான தூசி என்றேன்.