கமலேஸ்வரியின் பன்னிரண்டு தொன் லொறி

முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த கமலேஸ்வரி, ஐம்பத்தொரு வயதில் லொறி ஓட்டும் லைசென்ஸ் எடுத்தபோது ஒஸ்லோவின் வெஸ்ட்லி பகுதியில் சிரிக்காத தமிழர் குறைவு. அதிகம் சிரித்தவர் கணவர் ஸ்ரீதரன். கமலேஸ்வரி அதைப் பொருட்படுத்தவில்லை. பழைய லொறி ஒன்றை வாங்கி, அதன் கையேட்டை அடுப்படியிலேயே வைத்துப் பக்கம் பக்கமாகப் படித்தார்.

தை மாதம் திராமன் நகரில் ஒரு கல்யாணம். மணவறை மேடையும் இருநூறு கதிரைகளும் அவரது லொறியில். அன்று காலை குளிர் மைனஸ் இருபத்திரண்டு. இரவு முழுக்க எஞ்சின் ஹீட்டருக்குக் கரன்ட் கொடுத்திருந்தும் எஞ்சின் ஐஸாய்க் கிடந்தது.

"நான் அப்பவே சொன்னனான், உமக்கேன் இந்த வேலை?" என்றார் ஸ்ரீதரன்.

கமலேஸ்வரி வயரைத் தடவிக்கொண்டே போனார். பிளக்கில் ஒரு முனை கருகியிருந்தது.

"ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு. வயர்தான் செத்துப்போச்சு."

பக்கத்து வீட்டில் இரவல் வயர் வாங்கி மாட்டினார். இரண்டு மணி நேரத்தில் எஞ்சின் இளஞ்சூடானது. ஒரே திருகில் உறுமியது.

பாதி வழியில் லொறியின் பின்பக்கம் ஊளையிடத் தொடங்கியது.

"டிஃபரன்ஷியல் போட்டுது! பின் சில்லைச் சுத்துற பல்லுச்சக்கரம் உடைஞ்சிட்டுது! கல்யாணம் குழம்பப் போகுது!" ஸ்ரீதரன் தலையில் கை வைத்தார்.

திராமனுக்குள் நுழைந்ததும், லொறி திருத்தும் திலக்சனின் கராஜில் நிறுத்தினார்கள். ஒஸ்லோவில் பிறந்த பெடியன் அவன்.

"காஸ் பெடலிலை இருந்து காலை எடுத்தா சத்தம் குறையுதா அன்ரி?"

"ஓம், குறையுது. டிஃபரன்ஷியலுக்கு அடியிலை இருக்கிற ஒயில் ஆணியைக் கழட்டுங்கோ தம்பி, அதிலை இருக்கிற காந்தத்தை நான் பாக்கவேணும்."

திலக்சன் திகைத்துப்போய்க் கழற்றினான். கொஞ்ச ஒயில்தான் வடிந்தது. காந்தத்தில் சாம்பல் போல நைசான தூள் மட்டுமே இருந்தது.

"பல்லு உடைஞ்சிருந்தா இதிலை துண்டு துண்டா ஒட்டியிருக்கும்," என்றார் கமலேஸ்வரி. "உள்ளை ஒண்டும் உடையேல்லை. ஒயில்தான் குறைஞ்சுபோச்சு, என்ன?"

"Akkurat, அதேதான் அன்ரி! ஒயிலை அடைச்சு வைக்கிற சீல் கொஞ்சம் ஒழுகுது. இப்ப ஒயில் விடுறன், ஓடுங்கோ. திங்கள் வாங்கோ, புது சீல் போடுவம்."

புது ஒயிலோடு ஊளை அடங்கியது. மாப்பிள்ளை வருவதற்கு அரை மணி நேரம் முன்பே மணவறை எழும்பி நின்றது.

சாப்பாட்டுப் பந்தியில் ஸ்ரீதரனின் குரல்தான் உயர்ந்து கேட்டது. "டிஃபரன்ஷியல் எண்டால் லேசுப்பட்ட சாமான் இல்லை! முதல்லை காந்தத்தைப் பாக்கவேணும், விளங்குதோ?" சுற்றியிருந்த ஆண்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

எதிர் வரிசையில் கமலேஸ்வரிக்குச் சிரிப்பில் பாயாசம் புரையேறியது.