ஏழாம் அறைக்குப் போன தண்ணீர்

அப்பா ஓய்வு பெற்ற மாதத்தில், தேயிலைத் தோட்ட லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் காம்பராவுக்குப் பின்னால் பலகையும் தகரமும் கொண்டு சமையலுக்காக அவர் கட்டியிருந்த குசினியை உடைக்கச் சொல்லித் தோட்ட ஆபீசிலிருந்து ஆள் வந்தது. காணி தோட்டத்துக்குச் சொந்தமாம். அனுமதியில்லாமல் கட்டிவிட்டோமாம். ஆயுள் முழுக்க அந்தத் தோட்டத்தில் உழைத்தவர் தன் கையாலேயே ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எனக்கு அப்போது பதினாறு வயது. அன்றைக்கு வந்த கோபத்தில்தான் நான் படித்தேன். என் பெயரில் ஒரு துண்டுக் காணி வேண்டும், அதற்கு ஒரு உறுதிப் பத்திரம் வேண்டும், அது என் அலுமாரியில் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு நகை மேல் இருக்கிற ஆசை எனக்கு அந்தக் காகிதத்தின் மேல் இருந்தது.

படித்து ஹற்றனில் கணித ஆசிரியையாக வந்த பிறகும் நான் வாடகை வீட்டில்தான் இருந்தேன். கணவருக்குப் பொல்பிட்டியவில் வேலை. இரண்டு சம்பளத்தில் மிச்சம் பிடித்தாலும் டவுனில் நாலு பேர்ச்சஸ் காணி வாங்குகிற அளவுக்குச் சேரவில்லை. அந்த நேரத்தில்தான் கூட வேலை செய்கிற ஆசிரியை ஒருவர் என்னை நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்.

கழுத்துப்பட்டி கட்டிய ஒரு மனிதர் படம் போட்டு விளக்கினார். ராகலைப் பக்கம் ஒரு பழைய தோட்டத் துரை பங்களாவை உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். பன்னிரண்டு அறைகள். ஆளுக்கு ஓர் அறையில் பணம் போடலாம்.

"நீங்க ஒண்ணுமே செய்யத் தேவையில்லங்க டீச்சர். ஆள் புடிக்கிறது, கூட்டுறது, கழுவுறது எல்லாம் எங்க வேல. மாசம் பொறந்தா வாடகைல ஒங்க பங்கு பேங்குக்கு வந்துரும். இதத்தான் பெசிவ் இன்கம்னு சொல்றாங்க."

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "உறுதி என் பேர்ல வருமா?"

"பேப்பர் எல்லாம் ஒங்க பேர்லதான் வரும் டீச்சர்."

கேள்வியை இரண்டு தடவை வாசி என்று பிள்ளைகளைத் திட்டுகிற நான், உறுதியைக் கேட்டதற்கு அவர் பேப்பர் என்று பதில் சொன்னதைக் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர், "எடத்த ஒருக்கா நேர்ல பாத்துட்டு வந்துருவோமே" என்றார். "படத்துல பாத்தாச்சு. பிந்தினா மத்தவங்க எடுத்துருவாங்க" என்று நான் அவரை அடக்கிவிட்டேன். பத்து வருடச் சேமிப்பைக் கொடுத்து, முப்பது பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு ஏழாம் நம்பர் அறை கிடைத்தது.

சொன்னபடி பணம் வந்தது. பொய் சொல்லக் கூடாது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆசிரியர் அறையில் 'நம்ம விடுதி' என்றுகூடப் பேசினேன்.

ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள், என் அறையைப் பார்த்துவிட்டு வரலாமென்று தனியாக பஸ் ஏறினேன். ராகலையில் இறங்கி ஓட்டோ பிடித்துப் போனால், கேட்டில் நின்ற காவல்காரர் புக்கிங் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். நான் ஏழாம் அறையின் சொந்தக்காரி என்றேன். அவர் என் குடையையும் செருப்பையும் பார்த்தார். உள்ளே போன் பேசினார். பணம் போட்டவர்கள் முன்கூட்டி எழுதிக் கேட்காமல் வரக் கூடாதாம். தங்குவதாக இருந்தால் மற்றவர்களைப் போலக் கட்டணம் கட்டலாமாம். என் அறையின் ஜன்னல்கூடத் தெரியாத தூரத்தில் நின்று, முகமெல்லாம் எரிய நான் திரும்பினேன்.

பஸ் ரோட்டுக்குக் குறுக்கு வழி லயத்தின் ஓரமாக இறங்கியது. அங்கே பீலியடியில், குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற அந்தச் சிமெந்துத் தரையில், என் வயதிருக்கும் ஒரு பெண் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பீலியில் தண்ணீர் வரவில்லை. வாளிகளில் பிடித்து வைத்திருந்ததை மொண்டு மொண்டு அலசிக்கொண்டிருந்தார். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன.

"தண்ணி வர்றதில்லீங்களா?" என்று கேட்டேன்.

"காலைல அஞ்சு மணிக்கு வரும், ஆறு மணிக்கு நின்னுரும். மேல ஊத்துலருந்து எங்களுக்கு வந்த பைப்ப அந்த ஹோட்டல் டாங்கிக்குத் திருப்பிட்டாங்க. தோட்டத்தப் பாத்துக்கிற கண்டாக்கையாகிட்ட சொன்னோம். பங்களா காணி ஹோட்டல் கம்பனிக்குக் குத்தகைக்குப் போயிருச்சி, நான் என்னா செய்யன்னுட்டாரு." விரிப்பை முறுக்கிப் பிழிந்தபடி அவர் சொன்னார். "கழுவுற மெசினு ஒடஞ்சி மூணு மாசம். ஒரு விரிப்புக்கு இவ்வளவுன்னு குடுத்து எங்களக் கழுவச் சொல்றாங்க. தண்ணியையும் எடுத்துக்கிட்டு துணியையும் குடுத்தா எப்பிடிங்க? நீங்க யாரப் பாக்க வந்தீங்க?"

ஒரு கணம் பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அங்கே ஓர் அறைக்குப் பணம் போட்டிருக்கிறேன் என்றேன்.

"அப்பிடீங்களா? எந்த ரூமுங்க?"

"ஏழு."

"ஏழா!" அவர் குரலில் கோபம் இல்லை, வியப்புதான் இருந்தது. "அதுலதாங்க பெரிய குளிக்கிற தொட்டி இருக்கு. வர்றவங்க ஒரு நாளைக்கு ரெண்டு தரம் நெரப்புவாங்க. அது நெரம்புற வரைக்கும் எங்களுக்குச் சொட்டுகூட வராது."

அவர் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அம்மா சோறு ஆக்க இரண்டு மைல் நடந்து தண்ணீர் தூக்கிய நாட்கள் எனக்கு மறந்துபோகவில்லை. இந்த லயத்துத் தண்ணீரை எடுத்துத்தான் எனக்கு மாதாமாதம் பணமாக அனுப்பியிருக்கிறார்கள். நானும் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஹற்றனுக்குப் போகாமல் நேரே கம்பனியின் நுவரெலியா அலுவலகத்துக்குப் போனேன். அதே கழுத்துப்பட்டிக்காரர் தேநீர் வரவழைத்தார். நான் தொடவில்லை.

"நீங்க ஏன் டீச்சர் அங்கெல்லாம் போறீங்க? நீங்க போகவே தேவையில்லன்னுதானே சொன்னேன்."

"ஏன் தேவையில்லன்னு இப்பத்தான் தெரியுது. என் உறுதியக் காட்டுங்க."

அவர் ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தைத் திருப்பி விரல் வைத்தார். காணி குத்தகைக் காணி. எனக்கு இருப்பது வாடகையில் பங்கு கேட்கிற உரிமை மட்டும். ஐந்து வருடத்துக்கு அதையும் விற்க முடியாது. "நீங்க வாசிச்சிட்டுத்தானே சைன் பண்ணீங்க?" என்றார், சிரித்துக்கொண்டே.

"தமிழாக்கள் நூறு பேர ஒக்கார வச்சித் தமிழ்ல பேசுனீங்க. எழுதும்போது மட்டும் ஏன் இங்கிலீசு?" நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "லயத்து ஜனங்களோட தண்ணியத் திருடி விக்கிறீங்க. அதுக்கு என் பேரையும் சேத்துக்கிட்டீங்க."

"தண்ணி மேனேஜ்மென்ட் விசயம்" என்று அவர் எழுந்துகொண்டார்.

பணம் போட்டவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்றே எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு பேர் வருத்தப்பட்டார்கள். ஒருவர், 'இதெல்லாம் கெளறினா ஆள் வராது, நம்ம வருமானந்தான் கெடும்' என்று எழுதினார். அதற்கு எட்டுக் கட்டைவிரல்கள் எழும்பின. என்னைக் கூட்டிப்போன ஆசிரியையின் கட்டைவிரலும் அதில் ஒன்று. அடுத்த நாள் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

என்னால் செய்ய முடிந்தது ஒரு முறைப்பாட்டுக் கடிதம். சிங்களத்தில் எழுதி, அந்தப் பெண்ணோடு லயம் முழுக்க ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கி, பிரதேசச் செயலகத்தில் கொடுத்தேன். இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு, நீண்ட விடுமுறை வந்து விடுதி நிறைந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், லயத்துப் பெண்கள் ஊற்றடிக்குப் போய்ப் பைப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். விடுதி மேனேஜர் ஓடி வந்தார். பொலிசுக்குச் சொல்வேன் என்றார். சொல்லுங்க, நாங்களும் இங்கதான் இருக்கோம் என்றார்களாம். மத்தியானத்துக்குள் பாதித் தண்ணீர் லயத்துக்கு என்று பேசி முடித்து, சாயந்தரமே தனிக் குழாய் போட்டார்கள். நான் அன்று அங்கே இல்லை. அந்த வெற்றியில் எனக்குப் பங்கு கேட்க வெட்கமாக இருக்கிறது.

ஹற்றனில் ஒரு சட்டத்தரணியிடம் ஒப்பந்தத்தைக் காட்டினேன். முழுக்க வாசித்துவிட்டு, தவணை முடியும்வரை வெளியே வர வழியில்லை என்றார். ஆகவே பணம் இன்னும் வருகிறது. சேமிப்பு வருமானம் தந்தால் நிம்மதி வரும் என்று நினைத்த எனக்கு, வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குளிக்கிற தொட்டிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

போன வாரம் அந்தப் பெண் எனக்குப் போன் எடுத்துப் பேசினார். தண்ணீர் நாள் முழுக்க வருகிறதாம். ஆனால் விரிப்புக் கழுவுகிற வேலையை லயத்து ஆட்களிடமிருந்து பிடுங்கி, டவுனில் யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம்.

"பைப்பக் கழட்டுனதுக்குப் பழி வாங்குறாங்க. போகட்டும் விடுங்க டீச்சர். புள்ளைங்க தண்ணி தூக்காம ஸ்கூலுக்குப் போகுதுங்க" என்றார்.

அவரால் விட முடிகிறது. என்னால் முடியவில்லை. விரிப்பு வேலையை லயத்துக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, சனிக்கிழமை அந்த நுவரெலியா அலுவலகத்துக்கு மறுபடியும் போகிறேன். இந்தத் தடவை கணவரும் லீவு போட்டுவிட்டு வருகிறார்.