நடுத்தூண் இல்லாத ஷெட்

எனக்கு ஒரு முன்பல் இல்லை. என் தம்பிக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒரே வண்டி ஷெட்.

பூந்தமல்லிப் பக்கம் அப்பா விட்டுப்போன மனையில் தம்பி வீடு கட்டியிருந்தான். வீட்டை ஒட்டி ஷெட். அதன் நட்டநடுவில் ஒரு சிமெண்ட் தூண். ஒருநாள் அவனுடைய குட்டியானை லோடு வண்டியை நான் ரிவர்ஸ் எடுத்தேன். அவன் தூணில் கையை ஊன்றிக்கொண்டு, "வா, வா, வந்துகினே இரு" என்றான். நான் போனில் பேசிக்கொண்டே எடுத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் அவன் விரல்கள் நசுங்கின. அலறல் கேட்டும் எனக்குச் சட்டென்று கியர் விழவில்லை. நாசமாய்ப் போக, போன் மட்டும் கையிலேயே இருந்தது.

தையல் பிரித்த மறுவாரம் கூரைத் தகரத்தைக் கழற்றிவிட்டு, இடது கையில் சம்மட்டியைப் பிடித்து அந்தத் தூணை அவனே அடித்து நொறுக்கினான்.

அதற்கப்புறம்தான் ஷெட்டின் மேல் தன் இரண்டு பெண்களுக்கும் அறை கட்டுவதென்று முடிவு செய்தான். கீழே வண்டி, மேலே பெண்கள். சுவருக்குச் சுவர் இருபது அடி. நான் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வெல்டர், இருபது வருஷமாக இரும்போடு மாரடிக்கிறவன். "நடுவுல ஒரு தூண் குடுத்துட்டா சின்ன இரும்பு பீமே போதும்டா" என்று வாய்விட்டுவிட்டேன்.

"தூணு கீணுன்னு இன்னொரு வாட்டி சொன்னே, மண்டைய பொளந்துருவேன்!"

சரி. தூண் இல்லையென்றால் பீம் பத்து அங்குல உயரமாவது வேண்டும். சுவரில் உட்காருவதற்கும் சேர்த்து இருபத்தோரு அடி, ஒரே துண்டாக. எழுதியே கொடுத்தேன்.

பழைய இரும்புக் கடையிலிருந்து ஐந்து பீம் இறக்கினான். எல்லாவற்றுக்கும் புத்தம்புது ரெட் ஆக்சைடு. பழைய இரும்புக்கு எவன் புதுப் பெயிண்ட் அடிப்பான்? தடவினேன். நடுவில் லேசாக ஒரு மேடு. ஆணியால் சுரண்டினேன். வெல்டு! ஐந்திலும் சரியாக நடுவில், முழு பாரமும் வந்து இறங்குகிற இடத்தில், ஒட்டுப் போட்டிருந்தான் அந்தக் கடைக்காரப் பாவி.

"திருப்பி அனுப்புடா."

"அதெல்லாம் ஸ்டிராங்கா கீது. கடக்காரரே கேரண்டி சொல்லிகிறாரு. உனுக்கு எதுல பார்த்தாலும் நொட்ட."

"புள்ளைங்க மேல படுக்குமேடா, அறிவுகெட்டவனே!"

"என் பொண்ணுங்கள பத்தி நீ பேசாத!"

கன்னத்தில் ஒன்று விட்டேன். அவன் பாய்ந்தான். மூன்று விரல் முஷ்டி என் வாயில் இறங்கியது. பல் ஜல்லியில் போய் விழுந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சம்மட்டியை எடுத்தேன். அவன் பெண்டாட்டி, "ஐயோ மாமா, வேணாம்!" என்று ஓடிவந்தாள். அவனைத்தான் அடிக்கப்போகிறேன் என்று நினைத்துவிட்டாள். ஒரு நொடி எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பீம்கள் இரண்டு முனையிலும் கல்லின்மேல் கிடந்தன. முதல் பீமின் ஒட்டிலேயே போட்டேன். பெயிண்ட் உதிர்ந்தது. இன்னொன்று. இன்னொன்று. கை மரத்துப்போகும்வரை அடித்தேன். கடைசியில் டமாலென்று இரண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளே வெல்டே இல்லை. மேல்தோலுக்கு ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

தம்பி பிளந்த இடத்தைப் பார்த்தான். அறை வரவேண்டிய இடத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு மூன்று விரல் கையை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினான்.

"இன்னிக்கு இவ்ளோ பாக்குறியே அண்ணாத்தே, அன்னிக்கு ஒரே ஒரு வாட்டி பின்னால பாத்துருக்கலாம்ல?"

சம்மட்டியைக் கீழே போட்டேன். வாயெல்லாம் ரத்தம்.

மறுவாரம் ஒரே துண்டு பீம்கள் வந்தன. முனையிலிருந்து முனைவரை அவனே தடவிப் பார்த்தான். இப்போது பெண்கள் மேலே படுக்கிறார்கள். கீழே தூண் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு வண்டியை எடுக்கலாம். ஆனால் சாவியை அவன் இன்றுவரை என் கையில் கொடுத்ததில்லை.