ஏழு கேசட்டுகளும் என் தம்பியின் வாக்கும்

கோடையில் கிணறு என்றைக்கு வற்றும் என்று முன்பே கணிக்க ஆசைப்பட்டு, பாகூரில் எங்கள் கிணற்றின் நீர்மட்டத்தை நான்கு ஆண்டுகள் தினமும் அளந்தேன். ஐந்து நோட்டுகளில் இருந்த 1,461 அளவுகளையும், டிவியோடு இணைக்கும் என் சிறிய கம்ப்யூட்டரில் ஏற்றி டேப் ரெக்கார்டர் வழியாக ஏழு கேசட்டுகளில் பதிவு செய்தேன்.

வில்லியனூரில் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன், பழையதை எடுத்துக்கொண்டு பிளாப்பி போடும் புதிய கம்ப்யூட்டர் தருவதாகச் சொன்னான். கேசட்டுகள் அதில் ஓடுமா என்று மூன்று முறை கேட்டேன்.

“எல்லாம் ஓடும்ணே, இன்னாத்துக்கு பயப்படற?” என்றான்.

அவனை நம்பிப் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தேன். நோட்டுகளைப் போகியில் எரித்தேன்.

பொங்கல் கழிந்து புதியது வந்தது. டேப் ரெக்கார்டர் ஒயரைச் செருக அதில் இடமே இல்லை. கடைக்கு ஓடினேன்.

“இப்ப யாருண்ணே கேசட் வச்சிருக்காங்க?” என்று சிரித்தான்.

“என் பழைய மிஷினக் குடுடா.”

“அத அன்னிக்கே பார்ட் பார்ட்டா பிரிச்சிட்டேனே!”

வீட்டில் மனைவி, “மூணு வாட்டி கேட்டீங்களே, ஒரு வாட்டி போட்டுப் பாத்தீங்களா?” என்றாள்.

இப்போது மீண்டும் முதல் நாளிலிருந்து அளக்கிறேன். நோட்டில் இரண்டு பிரதி. இனி எந்தக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் என் பதிவு ஒன்றை அதில் ஓட்டிக் காட்டச் சொல்வேன். விற்பவன் சொந்தக்காரனாக இருந்தால், இரண்டு.