கம்பளி நூலில் ஒரு கரும்பு

நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரம் கோட்டைக்கருகே குடியேறிய குடும்பம் எங்களுடையது. உறவினருக்கான பொங்கல் வாழ்த்துகளை ஆண்டுதோறும் என் மனைவி கையாலேயே செய்வாள். கெட்டி அட்டையை இரண்டாக மடித்து, பென்சிலால் கரும்பும் பானையும் வரைந்து, கோட்டின்மேல் குண்டூசியால் துளையிடுவாள். பிறகு, சாலைக் கடைத்தெருவில் வாங்கிய கம்பளி நூலை அத்துளைகளில் கோத்துத் தைப்பாள். துளைகள் நெருங்கிவிட்டால் அட்டை தபால்தலையைப் போலக் கிழிந்துவிடும். அதனால் மூச்சை அடக்கியே குத்துவாள்.

“எந்தா அம்மா, கரும்புக்குக் குளிருமேன்னு ஸ்வெட்டர் போடுதியா?” என்று எங்கள் ஒரே மகன் கேலி செய்வான்.

“ஆமாலே, மிச்ச நூலுல ஒன் வாய்க்கும் ஒண்ணு போடுதேன்.”

எழுபதுகளின் நடுவில், கள்ளத்தனமாக ஆளேற்றும் லாஞ்ச் ஒன்றில் அவன் வளைகுடாவுக்குப் புறப்பட்டான். ஐப்பசியில், அது நடுக்கடலில் கவிழ்ந்ததென்று செய்தி வந்தது. உடல் வரவில்லை. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டவரையும் கரைசேர்த்தவன் என்று இறைவனை நம்பி, நாள்தோறும் பதிகம் ஓதி வந்தவன் நான். அந்த மாதங்களிலும் ஓதினேன். ‘கரை’ என்னும் சொல் வருமிடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுவேன்.

துக்கம் நடந்த வீட்டார் அவ்வாண்டு பொங்கலிடுவதில்லை, வாழ்த்து அனுப்புவதில்லை, அவர்களுக்கு எவரும் அனுப்புவதுமில்லை. மார்கழியில் என் மனைவி அட்டைகளோடு உட்கார்ந்ததைக் கண்டு என் அக்காள் திகைத்துப்போனாள்.

“என்ன காரியம் செய்யுத? சாவு விழுந்த வீட்டுலேருந்து வாழ்த்து போகுமா?”

“சாவு விழுந்த வீட்டுலேருந்துதானே போகாது, மைனி? இங்கேருந்து போகும்.”

எல்லாருக்கும் அனுப்பினாள். பதில் வாழ்த்து வந்துவிட்டால், மகன் உயிரோடிருப்பதை உறவு முழுவதும் ஒப்புக்கொண்டதாகும் என்பது அவள் எண்ணம்.

“இன்னு ஒண்ணுமில்ல, அம்மே” என்று தபால்காரர் தினமும் கடந்து போனார். பொங்கலுக்கு முதல்நாள் ஒன்றே ஒன்று வந்தது. சென்னையிலிருந்த என் சித்தப்பா மகன் அனுப்பிய அச்சு வாழ்த்து அது. அவள் அதைச் சாமிப் படங்களின் நடுவே சாய்த்து வைத்தாள். மறுநாள் பானை ஏற்றினாள். பால் பொங்கியபோது அக்காள் குலவையில் சேரவில்லை; என் மனைவி தனியாகக் குலவையிட்டாள்.

சில நாட்களில், சென்னைத் தம்பியிடமிருந்தே ஓர் அஞ்சலட்டை வந்தது. “உங்கள் வாழ்த்து வந்ததால், நடந்தது அறியாமல் பதில் அனுப்பிவிட்டேன். அண்ணி பொறுத்துக்கொள்ள வேண்டும்.”

நான் மறைப்பதற்குள் அவள் படித்துவிட்டாள். அழவில்லை. சாமிப் படங்களின் நடுவிலிருந்து அந்த வாழ்த்தை எடுத்தாள். ஊசியில் மிச்சமிருந்த பச்சை நூலை உருவினாள்.

“தை அமாவாசை என்னைக்குங்க?”

அன்று சங்குமுகம் கடற்கரையில் இறந்தவர்களுக்கு எள்ளும் நீரும் இறைப்பார்கள். அவ்வாண்டுத் திதிகள் அனைத்தும் எனக்கு மனப்பாடம். என்றாலும் நாவில் அந்த நாள் வரவில்லை. சுவரிலிருந்த காலண்டரைப் பார்க்க அவளே எழுந்து போனாள்.